முடிவு நாள் இல்லாத காவல்

சிறைக்குப் போகிறவருக்கு ஒரு தேதி இருக்கிறது. ஏழாண்டு என்றால் ஏழாண்டு. நன்னடத்தைக் கழிவு போக மிச்சம் எவ்வளவு என்று உள்ளே இருப்பவரும் கணக்குப் போடலாம், வெளியே காத்திருக்கும் வீட்டாரும் போடலாம். குடிவரவுத் தடுப்புக்காவலில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவரை அங்கே வைத்திருப்பது தண்டனையாக அல்ல என்று சட்டம் சொல்கிறது. விசா இல்லை, ஆகவே நாட்டைவிட்டு அனுப்பும் வரை வைத்திருக்கிறோம் என்கிறது அரசு. அனுப்புவதற்கு நாடே இல்லை என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நீதிமன்றங்களில் எழுப்பிய வழக்குகளில் பல தோற்றுப்போனவை. ஆஸ்திரேலியாவின் முப்பதாண்டு அனுபவத்தை எடுத்துப் பார்த்தால், கடைசியில் வென்ற வழக்கு, தோற்ற வழக்குகளில் விழுந்த சிறுபான்மைத் தீர்ப்புகளின் தோள்மீது ஏறித்தான் வென்றது என்பது தெரியும். சிறையிலும் முகாமிலும் இருப்பவர்களுக்காக வாதாடுவது பயனுள்ள வேலையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த வரலாறுதான். அதில் ஈழத்தமிழர்களுக்குப் பெரிய பங்கு இருப்பதால் நாம் அறிந்துகொள்ள வேண்டியதும்கூட.

கேள்வி முதலில் தெளிவாக எழுந்தது இங்கிலாந்தில், ஓர் இந்தியர் விஷயத்தில். ஹர்தியால் சிங் என்பவர் திருட்டுக் குற்றத்துக்காக இரண்டாண்டு தண்டனை பெற்றவர். தண்டனை முடிந்த பிறகும் நாடுகடத்துவதற்காக என்று டர்ஹாம் சிறையிலேயே வைக்கப்பட்டார். ஊருக்குப் போக அவர் மறுக்கவில்லை. பயண ஆவணம்தான் வந்தபாடில்லை. உள்ளேயே தற்கொலைக்கு முயன்றார். 1983 டிசம்பரில் நீதிபதி வுல்ஃப் சொன்ன தீர்ப்பு சில பக்கங்கள்தான். நாடுகடத்துவதற்காகக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். நியாயமான காலம் வரைதான் பயன்படுத்தலாம். அந்தக் காலத்துக்குள் அனுப்ப முடியாது என்று தெரிந்துவிட்டால் காவலைத் தொடரக் கூடாது. பிரிட்டிஷ் சட்டத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் கோட்பாடு இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் சாத்வைதாஸ் வழக்கில் இதற்கு நெருக்கமான முடிவுக்கு வந்து, நாடுகடத்தல் ஆணைக்குப் பிறகு ஆறு மாதக் காவல் வரைதான் நியாயம் என்று கருத இடமுண்டு என்றது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1989 முதல் கம்போடியாவிலிருந்து படகுகளில் வந்தவர்களை அங்கே முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். விடுதலை கேட்டு அவர்களுடைய வழக்கறிஞர்கள் மனுப் போட்டார்கள். அது 1992 மே 7 அன்று விசாரணைக்கு வர இருந்தது. மே 5 அன்று நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. படகில் வந்தவரைக் காவலில் வைப்பது கட்டாயம் என்றதோடு, அவரை விடுவிக்கும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிடக் கூடாது என்று ஒரு பிரிவையும் சேர்த்திருந்தார்கள். கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசு. எதிர்க்கட்சியும் ஆதரித்தது. நீதிமன்றத்தின் வாயைக் கட்டிய அந்தப் பிரிவை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் செல்லாது என்று நீக்கியது. (ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றத்தின் பெயரே உயர் நீதிமன்றம்தான்.) ஒருவரை அடைத்து வைப்பது பொதுவாகத் தண்டனை, தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது, விசா மனுவைப் பரிசீலிக்கவும் நாடுகடத்தவும் தேவைப்படும் அளவுக்கு மட்டும் அரசு காவலில் வைக்கலாம் என்றது 'லிம்' என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு. முதல் சட்டத்தில் 273 நாள் என்று ஒரு வரம்பு இருந்தது. 1994இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

வரம்பு போனதன் விளைவு பத்தாண்டு கழித்து அல்-கதீப் வழக்கில் வெளிப்பட்டது. குவைத்தில் பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். குவைத்தில் பிறந்ததால் மட்டும் அங்கே குடியுரிமை வந்துவிடாது. எந்த நாட்டின் குடிமகனும் இல்லாதவராக 2000 டிசம்பரில் படகில் வந்தார். புகலிட மனு தள்ளுபடியானது. 2002இல் அவரே எழுதிக் கொடுத்தார்: என்னை அனுப்பிவிடுங்கள், குவைத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் காசாவுக்கு. குவைத் ஏற்கவில்லை. காசாவுக்குள் போக இஸ்ரேலின் அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. போகத் தயாராக இருப்பவரை அனுப்ப இடமில்லை, வைத்திருக்கச் சட்டம் இருக்கிறது.

2004 ஆகஸ்ட் 6 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். நாடுகடத்தும் வரை வைத்திரு என்று சட்டத்தின் 196ஆம் பிரிவு சொல்கிறது, சொற்கள் தெளிவாக இருக்கின்றன, ஆகவே வாழ்நாள் முழுக்க என்றாலும் காவல் செல்லும் என்றது பெரும்பான்மை. அவர்களில் ஒருவரான நீதிபதி மெக்ஹ்யூ, மனுதாரரின் நிலை துயரமானது என்று எழுதிவிட்டுத்தான் எதிராகத் தீர்ப்பளித்தார். மறுபக்கத்தில் இருந்த மூவரில் தலைமை நீதிபதி க்ளீசனும் ஒருவர். அவருடைய வாதம் மிக எளிமையானது. அனுப்பவே முடியாத ஒருவர் வந்து நிற்பார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், ஒரு மனிதனைச் சாகும் வரை அடைத்து வைக்க நாடாளுமன்றம் விரும்பியது என்று நீதிமன்றம் தானாக முடிவுகட்டக் கூடாது. நீதிபதி கம்மோ இன்னும் ஆழமாகப் போனார். காவலுக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கம் நிறைவேற வாய்ப்பே இல்லாதபோது காவல் தன் அடிப்படையை இழக்கிறது என்றார். இந்தச் சிறுபான்மைப் பக்கங்கள் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தன. மெக்ஹ்யூ ஓய்வுபெறும் தறுவாயில், ஆஸ்திரேலியாவுக்கு ஓர் உரிமைச் சாசனம் ஏன் தேவை என்பதற்கு இந்த வழக்கையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். அல்-கதீப்புக்கு அமைச்சர் பின்னர் விசா கொடுத்தார். சட்டம் மட்டும் அப்படியே நின்றது.

இடைப்பட்ட காலத்தின் மிகக் கொடிய அத்தியாயம் நம் மக்களுடையது. 2009இல் போர் முடிந்ததும் இலங்கையிலிருந்து தப்பிப் படகேறியவர்களில் பலரை ஆஸ்திரேலிய அரசே விசாரித்து, இவர்கள் அகதிகள்தான், இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று முடிவு செய்தது. அதோடு கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் ஆசியோ என்ற உளவு அமைப்பு அவர்களில் சிலரைப் பற்றிப் பாதகமான பாதுகாப்பு அறிக்கை கொடுத்தது. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல மாட்டார்கள். குடிமகனாக இருந்தால் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இவர்களுக்கு அந்த வழியும் இல்லை. திருப்பி அனுப்பவும் முடியாது, வேறு நாடு ஏற்கவும் ஏற்காது, வெளியே விடவும் மாட்டார்கள். இந்தப் பொறியில் சிக்கியவர் சுமார் ஐம்பது பேர், பெரும்பாலும் தமிழர்கள். சிறு குழந்தைகளோடு உள்ளே இருந்த தாய்மாரும் உண்டு. கைக்குழந்தை முள்வேலிக்குள்ளேயே பிறந்த குடும்பம் ஒன்றும் இருந்தது. என்ன குற்றச்சாட்டு என்று தெரியாதபோது எந்த வழக்கறிஞர் என்னவென்று மறுப்பார்? கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர்கூடக் குற்றப்பத்திரிகையைக் கையில் வாங்கிப் படிக்கலாம்.

வழக்கறிஞர்கள் இரண்டு வாசல்களைத் தட்டினார்கள். ஒன்று உள்நாட்டு நீதிமன்றம். 2012 அக்டோபரில் எம்47 என்ற குறியீட்டுப் பெயரில் ஒரு தமிழர் தொடுத்த வழக்கில், பாதக அறிக்கையைக் காட்டி விசா மறுக்க வழிசெய்த விதி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி போனது, ஆள் வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டு ஒரு தமிழ்த் தாய் தொடுத்த எம்76 வழக்கிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. இன்னொரு வாசல் ஜெனீவா. சிட்னிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பென் சால், இப்படி அடைபட்டிருந்த 46 பேர் சார்பில் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். காரணம் சொல்லாமல் காலவரம்பின்றி அடைத்து வைப்பது தன்னிச்சையான காவல், அதை எதிர்த்து வாதாட வழியில்லாமல் செய்தது இன்னொரு மீறல், இரண்டும் சேர்ந்து அவர்களுடைய மனநலத்தைச் சிதைத்தது மனிதத்தன்மையற்ற நடத்தை என்று 2013இல் குழு முடிவு சொன்னது. குழுவின் முடிவு ஆஸ்திரேலிய அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசும் உடனே பணிந்துவிடவில்லை. ஆனால் வழக்குகளின் நெருக்கடியில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு பாதுகாப்பு அறிக்கைகளை மறுஆய்வு செய்யும் ஏற்பாட்டை அரசு 2012 இறுதியில் செய்திருந்தது. அதன்பின் ஒவ்வோர் அறிக்கையாக ஆசியோ திரும்பப் பெறத் தொடங்கியது. நேற்று வரை நாட்டுக்கு ஆபத்து என்று சொல்லப்பட்டவர்கள் இன்று ஆபத்தில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். அன்றும் காரணம் சொல்லவில்லை. சிலருக்கு அதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் போய்விட்டன. இந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. இருந்தாக வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வாதாடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: உள்ளே இருப்பவரைச் சென்றடைவது. ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தின் 256ஆம் பிரிவு, காவலில் இருப்பவர் கேட்டால் சட்ட ஆலோசனை பெற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கேட்டால்தான். அப்படிக் கேட்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்குக் கிடையாது என்று 193ஆம் பிரிவு தெளிவுபடுத்திவிடுகிறது. மொழி தெரியாமல், நாட்டின் சட்டம் தெரியாமல் பாலைவன முகாமில் இறங்கும் ஒருவர் தனக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று தானாகக் கேட்க வேண்டும். 1996இல் போர்ட் ஹெட்லண்ட் முகாமில் தனியே அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு, உங்களுக்குச் சட்ட உதவி கிடைக்கும் என்று மனித உரிமை ஆணையம் ஒட்டிய உறையில் கடிதம் அனுப்பியது. குடிவரவுத் துறை கொடுக்க மறுத்தது. கொடுத்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். சில ஆண்டுகளில் சட்டமே திருத்தப்பட்டது: உள்ளே இருப்பவர் முதலில் எழுத்தில் புகார் தந்திருந்தால்தான் ஆணையத்தின் கடிதம் அவர் கைக்குப் போகும்.

இதை இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் நீதிமன்றங்களின் ஒரு காலகட்டத்தை நினைத்துப் பெருமைப்படத் தோன்றுகிறது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பக்கத்தில் இன்னொரு கைதியைக் காவலர் ஒருவர் பணம் கேட்டுச் சித்திரவதை செய்ததை ஒரு கடிதத்தில் எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்பினார். முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, சிறைக் கதவு மூடியதும் அடிப்படை உரிமைகள் வெளியே நின்றுவிடுவதில்லை என்பதை நிலைநாட்டியது. சிறைக்குள்ளிருந்து வரும் ஒரு கடிதத்துக்கு நீதிமன்றத்தின் வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதை வைத்தே ஒரு நாட்டின் நீதித்துறையை எடைபோடலாம் என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவில் அந்த வாசல் சில இரவுகளில் தொலைபேசி வழியே திறந்திருக்கிறது. குயின்ஸ்லாந்தின் பிலோயெலா என்ற சிற்றூரில் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து அள்ளிச் சென்றார்கள். தாய், தந்தை, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு சிறுமிகள். 2019 ஆகஸ்ட் 29 இரவு மெல்போர்னில் அவர்களை இலங்கைக்குப் போகும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய வழக்கறிஞர்கள் ஒரு நீதிபதியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இளைய மகளின் பாதுகாப்புக் கோரிக்கை இன்னும் முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்பது வாதம். நீதிபதி தொலைபேசியிலேயே தடையாணை பிறப்பித்தார். விமானம் டார்வினில் இறங்க, குடும்பத்தை இறக்கினார்கள். அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. அங்கிருந்த பெரிய முகாமில் அப்போது வைக்கப்பட்டிருந்தது இவர்கள் மட்டுமே. இளைய மகளின் விஷயத்தில் நடைமுறை நியாயம் கடைப்பிடிக்கப்படவில்லை என்று 2020இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2022இல் ஆட்சி மாறிய பிறகு அவர்கள் பிலோயெலாவுக்கே திரும்பினார்கள். நிரந்தர விசாவும் கிடைத்தது. அந்த ஊர் மக்கள் நான்காண்டு விடாமல் நடத்திய இயக்கம் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அந்த ஒரு தடையாணை இல்லாமல் இயக்கம் நடத்த ஆளே அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

எல்லா இரவும் அப்படி முடிவதில்லை. 2014 ஜூன் இறுதியில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை நடுக்கடலில் பிடித்து ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தது. நேரில் பார்க்க வழியில்லாத மனிதர்களுக்காக வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். உடனடி ஒப்படைப்பு நின்றது. இலங்கையிடம் கொடுப்பதானால் 72 மணி நேரம் முன்கூட்டியே சொல்வோம் என்று அரசு உறுதியளித்தது. கடலில் வைத்திருந்தது சட்டப்படி சரியா என்ற மூலக் கேள்வியில் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்று தோல்வி. அதற்குள் அவர்களை நவ்ருத் தீவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

2023இல் அந்தப் பழைய சிறுபான்மைத் தீர்ப்பு உயிர்பெற்றது. என்இசட்ஒய்க்யூ என்ற குறியீட்டுப் பெயர் கொண்ட மனுதாரர் மியன்மாரிலிருந்து வந்த, நாடற்ற ரோஹிங்யா. சிறுவன் ஒருவன் மீதான பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்தவர். 2018இல் சிறையிலிருந்து பரோலில் வெளியே வந்தவரை நேரே குடிவரவுக் காவலுக்குக் கொண்டுபோனார்கள். இப்படிப்பட்டவரை எந்த நாடு ஏற்கும்? வழக்கு நெருங்கியதும் அதிகாரிகள் வெளிநாடுகளிடம் அவசர அவசரமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஏற்கிறோம் என்று ஒரு நாடும் சொல்லவில்லை. நவம்பர் 8 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க ஆணையிட்டது. நியாயமாக முன்கூட்டிப் பார்க்கக்கூடிய எதிர்காலத்தில் நாடுகடத்த உண்மையான வாய்ப்பு இல்லையென்றால், காவல் தண்டனையாகிவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. 1992இல் லிம் வழக்கில் விதைத்தது, 2004இல் கம்மோ காப்பாற்றி வைத்தது. இம்முறை ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஏறத்தாழ 150 பேர் வெளியே வந்தார்கள்.

இந்த உரிமையை வென்று தந்தவர் யாரும் அனுதாபப்படக்கூடிய ஆள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுமிகளோடு இருக்கும் குடும்பத்துக்கு ஊரே திரளும். குழந்தைக்குக் கேடு செய்தவருக்காக எந்த ஊரும் திரளாது. அவருடைய குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அவர் அதை அனுபவித்தார். அதற்குமேல் ஒரு நாள் கூடுதலாக அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. நாம் வெறுக்கும் ஒருவருக்கு அந்த அதிகாரம் செல்லும் என்றால், எம்76 என்ற தாய்க்கும் செல்லும். கைதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களைக் குற்றவாளிகளின் கூட்டாளிகள் என்று ஏசுகிறவர்கள் இந்த ஒரு கண்ணியைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

தீர்ப்பு வந்த எட்டாம் நாள், நவம்பர் 16 அன்று, புதிய சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது: விடுவிக்கப்பட்டவர்கள் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை, இரவில் வீட்டடங்கு. மறுபடி வழக்கு. 2024 நவம்பர் 6 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதுவும் தண்டனையே என்று நீக்கப்பட்டது. மறுநாளே வேறு வாசகத்தோடு மாற்று விதி. 2025இல் இவர்களை ஏற்றுக்கொள்வதற்காக நவ்ருவோடு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேலான ஒப்பந்தம். அனுப்ப நாடில்லாத ஒருவரை வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது; அனுப்ப ஒரு நாட்டைப் பணம் கொடுத்து உருவாக்கிக்கொண்டது அரசு. வழக்கறிஞர்களின் அடுத்த சுற்று இதை எதிர்த்துத்தான்.

இதையெல்லாம் படிக்கும்போது திருச்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சிய ஆறு பேரை 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் இலங்கைக் குடிமக்களான முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரையும் சிறை வாசலிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முப்பதாண்டுக்கு மேல் சிறையில் கழித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த வயதான தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த சாந்தன், பயண அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் ஊருக்குப் போனது. மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் மீதான வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுதலைக்குப் பிந்தைய அந்தக் காவலை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சிறப்பு முகாம் சிறை அல்ல, அங்கே வைப்பது நடமாட்டக் கட்டுப்பாடு மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. காவலே இல்லையென்றால், காவலுக்கு வரம்பு எது என்ற கேள்வியே எழாது. ஆட்கொணர்வு மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அசாமில் வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டு அடைக்கப்பட்டவர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாக நடந்துகொண்டது. மூன்றாண்டு முடித்தவர்களைப் பிணையில் விடலாம் என்று 2019இல் சொல்லி, கொரோனாக் காலமான 2020 ஏப்ரலில் அதை ஈராண்டாகவும், ஒரு லட்ச ரூபாய்ப் பிணைத்தொகையை ஐயாயிரமாகவும் குறைத்தது. ஆக, நம் நாட்டிலும் ஒரு வரம்பு சாத்தியம் என்பது ஏற்கெனவே எழுதப்பட்ட ஆணை. ஆனால் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்திலும் காவலுக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. அதை நீக்கிவிட்டு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இல்லை. அசாம் ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு, திருச்சி முகாமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் காலவரம்பும், குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை நீதிபதியின் நேரடி மறுஆய்வும், கேட்காமலே கிடைக்கும் சட்ட உதவியும் வேண்டும் என்று போடப்படும் மனு முதல்முறை தோற்கலாம். அதில் ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினாலும் போதும், அடுத்த மனுவுக்கு அது ஆதாரமாகும்.